நூலகமா, ஃபோனா? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதும், புத்தகத் திருவிழாக் கூட்டத்திலும், பஸ்ஸில் பக்கத்து சீட்டிலும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இது. கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. முடிந்தால் மேலிருந்து கீழே படியுங்கள், பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

1. இப்பெல்லாம் யாருக்கா லைப்ரரிக்கு வர்றாங்க? எல்லாம்தான் ஃபோன்லயே இருக்கே.

ஒரு நாள் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கு வந்து பாருங்கள். பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற பெரியவர்கள் ஒரு பக்கம், தோள்பையும் தண்ணீர் பாட்டிலும் சோற்று டப்பாவுமாக வரும் தேர்வுப் பிள்ளைகள் இன்னொரு பக்கம் காத்திருப்பார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலிக்கும், சார்ஜர் குத்த வசதியான மேசைக்கும் தினமும் போட்டிதான்.

குறைந்திருப்பது வேறு. கதைப் புத்தக அலமாரியில் ஏதாவது ஒரு நாவலை எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். ஒரு காலத்தில் முத்திரை குத்த இடமில்லாமல் சீட்டு மேல் சீட்டு ஒட்டியிருப்பார்கள், சமீப வருடங்களுக்கு வந்தால் முத்திரைக்கும் முத்திரைக்கும் நடுவில் மாதக் கணக்கில் இடைவெளி. ஆள் வருவது நிற்கவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் குறைந்திருக்கிறது. நூலகத்தின் வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தகம் கொடுப்பதிலிருந்து உட்கார இடம் கொடுப்பதற்கு நகர்ந்துகொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் அதைச் சுற்றித்தான்.

2. மெம்பர் ஆகணும்னா எவ்ளோ கட்டணும்? ஏதாவது சிபாரிசு வேணுமா?

சிபாரிசெல்லாம் வேண்டாம். முகவரிக்கு ஒரு சான்று, சிறிய காப்புத் தொகை, அதைவிடச் சிறிய ஆண்டுச் சந்தா, அவ்வளவுதான். ஒரு பிரியாணிக்கு ஆகும் செலவைத் தாண்டாது. உள்ளேயே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக இருக்கவே தேவையில்லை, நேராகப் போய் உட்காரலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது இங்கேதான், 1948-ல். அந்தச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. அடுத்த முறை வீட்டு வரி ரசீது வாங்கும்போது அந்த வரியைத் தேடிப் பாருங்கள். அப்புறம் “அங்க ஒண்ணுமே இல்ல” என்று சொல்வதற்கும், “இது வேணும், வாங்கிப் போடுங்க” என்று நூலகரிடம் கேட்பதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

3. நான் போனப்ப பூட்டிக் கிடந்துச்சுங்க.

வெள்ளிக்கிழமை போயிருப்பீர்கள். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வாராந்திர விடுமுறை வெள்ளிதான், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று நான்கு விதம் இருக்கிறது, நான்குக்கும் நேரம் வேறு வேறு. வாசலில் பலகையில் எழுதியிருப்பதை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

4. ஃபோன்ல படிச்சா அதுவும் படிப்புதானே? எங்க சார் ஒத்துக்கவே மாட்டேங்குறார்.

உங்கள் சார் சொல்வதில் பாதி சரி. 2018-ல் ஸ்பெயின், இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த 54 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள், மொத்தம் 1.7 லட்சம் பேருக்கு மேல் படித்த கணக்கு. பாடம், தகவல் மாதிரி எழுத்தைத் தாளில் படித்தவர்களுக்குத் திரையில் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்திருந்தது. நேரக் கெடு வைத்துப் படிக்கும்போது வித்தியாசம் இன்னும் கூடியது. ஆனால் கதை படிப்பதில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் நாவலை ஃபோனில் படிக்கிறேன் என்றால் தாராளமாகப் படியுங்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக்குப் படிக்கும் பாடமென்றால் தாளுக்குப் போங்கள், முக்கியமான பகுதியை மட்டுமாவது அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் படிப்பதன் பெரிய தொல்லை திரைகூட இல்லை, மேலே வந்து விழும் அறிவிப்புகள்தான். மூன்று பக்கம் படிப்பதற்குள் குடும்பக் குரூப்பில் ஒரு குட்மார்னிங் வந்துவிடும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுப் படித்துப் பாருங்கள், அதே ஃபோன், வேறு வாசிப்பு.

5. காசு கொடுக்காம, தப்பும் இல்லாம தமிழ் புக் எங்க கிடைக்கும்?

நிறையவே கிடைக்கிறது. கஷ்டம் என்னவென்றால் எது எங்கே என்று தெரியாமல் எல்லாரும் கூகுளில் “நாவல் பிடிஎஃப் டவுன்லோட்” என்று அடித்து, விளம்பரக் குப்பைக்குள் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய இலக்கியம் வேண்டுமென்றால் முதலில் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது, உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து, பிழை திருத்திச் சேர்த்தது. சங்க இலக்கியம், பக்தி இலக்கியம் எல்லாம் எழுத்தாகவே கிடைப்பதால் ஒரு சொல்லைப் போட்டுத் தேடலாம், இந்த வசதிக்காகவே நான் அடிக்கடி போவேன். பழைய அச்சுப் புத்தகத்தை அப்படியே பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நூற்றாண்டு பழைய பதிப்புகள், நின்றுபோன இதழ்கள் எல்லாம் அங்கே ஸ்கேன் செய்து கிடக்கின்றன. நாட்டுடைமையான நூல்களில் (அது என்னவென்று அடுத்த பதிலில்) பல விக்கிமூலம் என்ற தளத்தில் எழுத்தாக மாறிக்கொண்டிருக்கின்றன, ஒரு பக்கத்தில் ஸ்கேன், பக்கத்திலேயே தட்டிய எழுத்து, பிழை இருந்தால் நீங்களே திருத்தலாம்.

இன்று எழுதுகிறவர்கள் தாங்களே இலவசமாக விட்ட புத்தகங்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், 2013-லிருந்து இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு தளம் 2005-லிருந்து இயங்குகிறது, அந்த அளவுக்கு இலங்கைத் தமிழ் எழுத்து வேறெங்கும் ஒரே இடத்தில் கிடைக்காது.

6. நாட்டுடைமைன்னா என்ன? பழைய புக் எதை வேணும்னாலும் காப்பி எடுத்துக்கலாமா?

பழையது என்பதால் மட்டும் கூடாது. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருடம் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு. கணக்கு சுலபம்: இறந்த வருடத்தோடு 60 கூட்டுங்கள், அந்த வருடம் டிசம்பர் 31 வரை உரிமை உண்டு, மறுநாளிலிருந்து எல்லாருக்கும் பொது. கல்கி இறந்தது 1954 டிசம்பரில், அப்படியென்றால் 2014 முடிய.

நாட்டுடைமை என்பது அதுவரை காத்திருக்காமல் அரசே குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து எழுத்தைப் பொதுவாக்குவது. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-ல் அரசு வாங்கியதுதான் இதற்கெல்லாம் முன்னோடி. கல்கி எழுத்தும் 60 வருடக் கணக்குக்கு முன்பே நாட்டுடைமையாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: மூலம் பொதுவானாலும், அதற்கு இன்று ஒருவர் எழுதிய உரையோ முன்னுரையோ புது மொழிபெயர்ப்போ பொதுவாகிவிடாது. குறள் எல்லாருக்கும் சொந்தம், போன வருடம் வந்த குறள் உரை அதை எழுதியவருக்குத்தான் சொந்தம்.

7. டெலிகிராம்ல எல்லா நாவலும் ஓசியில கிடைக்குது. அதை ஏன் வாங்கணும்னு கேட்டா எல்லாரும் கோவிச்சுக்கறாங்க.

நானும் கோபித்துக்கொள்வேன், ஆனால் காரணம் சொல்லிவிட்டு. தமிழில் ஒரு நாவலுக்கு முன்பெல்லாம் ஆயிரம் பிரதி அடிப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சடிக்கும் வசதி வந்தபிறகு பல புத்தகங்கள் சில நூறு பிரதியோடு தொடங்குகின்றன, சிலது அதோடு முடிந்தும் போகின்றன. அந்தச் சில நூறில் ஐம்பது குறைந்தாலே அடுத்த புத்தகத்தைப் போடலாமா என்று பதிப்பாளர் யோசிப்பார். கோடிக் கணக்கில் வசூலாகும் சினிமாவைத் திருடுவதற்கும் இதற்கும் அடி விழும் இடம் வேறு.

காசுதான் பிரச்சினை என்றால் நூலகத்துக்கு வாருங்கள் என்பதுதான் என் பதில். நூலகம் ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறது, நீங்கள் இலவசமாகப் படித்தாலும் எழுதியவருக்கு ஏதோ போய்ச் சேர்ந்திருக்கும். அதுவும் இல்லையா, 5-ஆம் கேள்வியில் சொன்னதையெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள், அதற்கே ஒரு ஆயுள் போதாது.

8. டவுன்லோட் பண்ணிட்டேன், ஆனா எழுத்து பொடிப்பொடியா இருக்கு. பெருசு பண்ணினா வரி ஸ்க்ரீனை விட்டு ஓடுது.

அது ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதாவது பக்கத்தின் படம். படத்தைப் பெரிதாக்கினால் படம்தான் பெரிதாகும், வரி மடங்காது. இபப் என்ற வகைக் கோப்பு கிடைத்தால் அதை எடுங்கள், எழுத்தின் அளவை எவ்வளவு கூட்டினாலும் வரி திரைக்குள் தானாக மடங்கிக்கொள்ளும். 5-ல் சொன்ன ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில் சின்னத் திரைக்கென்றே 6 அங்குல பிடிஎஃப்பும் தருகிறார்கள்.

ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறதென்றால் ஃபோனைப் படுக்கவைத்துப் படியுங்கள், அல்லது வீட்டில் கிடக்கும் பழைய டேப்லெட்டைத் தூசி தட்டுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு லேப்டாப் கிடைத்த வீடுகளில் அது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும், அதிலும் நன்றாகத் தெரியும்.

9. பொண்ணு கிண்டில் கேட்கிறா. அவ்ளோ காசு போட்டு வாங்கலாமா?

தினமும் படிக்கிற பெண் என்றால் வாங்கலாம். அதன் திரை ஃபோன் மாதிரி கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சுவதில்லை. மின்-மை என்ற தொழில்நுட்பம், அறை வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் தாள் மாதிரியே தெரியும், மாடியில் நல்ல வெயிலிலும் படிக்கலாம். சார்ஜ் வாரக் கணக்கில் நிற்கும். கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் 2016 கடைசியிலிருந்து கிடைக்கின்றன. முக்கியமாக அதில் ரீல்ஸ் வராது.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அங்கே நீங்கள் வாங்குவது புத்தகத்தை இல்லை, படிக்கும் அனுமதியைத்தான். 2009-ல் உரிமைத் தகராறு ஒன்றில், ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அமேசான் தூரத்திலிருந்து அழித்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த வசதியையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். பேத்திக்கு விட்டுப் போக வேண்டும் என்று நினைக்கும் புத்தகமாக இருந்தால் அச்சில் வாங்குங்கள். படித்து முடித்துவிட்டுப் போகும் புத்தகமென்றால் கிண்டில் போதும்.

10. அப்பாவுக்குப் பார்வை ரொம்ப மங்கிடுச்சு. அவர் படிக்கிறதை நிறுத்தினதுதான் எங்களுக்கு வருத்தமா இருக்கு.

நிறுத்த வேண்டாம். 8-ல் சொன்ன படம், எழுத்து வித்தியாசம் இங்கேதான் பெரிதாக உதவும். எழுத்தாக இருக்கும் எந்தத் தமிழ்ப் பக்கத்தையும் ஃபோனே வாய்விட்டுப் படிக்கும், ஆண்ட்ராய்டு அமைப்புகளில் போய்த் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். உச்சரிப்பு கொஞ்சம் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். மதுரைத் திட்டத்திலும் விக்கிமூலத்திலும் இருப்பதை இப்படிக் கேட்கலாம். ஸ்கேன் பிடிஎஃப்பைத் திறந்தால் மட்டும் மௌனமாக இருந்துவிடும்.

பார்வைக் குறைபாட்டுச் சான்று இருந்தால் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், 2016-லிருந்து இருக்கிறது. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காகப் புத்தகத்தை வேறு வடிவத்துக்கு மாற்றுவது இந்தியாவில் சட்டப்படியே அனுமதிக்கப்பட்டது, அதற்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்று உறுதி செய்த நாடே இந்தியாதான், 2014-ல். இன்னும் பெரிய எழுத்தைப் பார்க்க முடிகிறது, வெளியே போகத்தான் முடியவில்லை என்றால், நூலக நண்பர்கள் திட்டத்தைப் பற்றி உங்கள் கிளை நூலகரிடம் கேளுங்கள். தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து கொடுத்து வாங்கிப் போகும் திட்டம் அது.

11. கொலுசுப் பட்டறையில வேலைக்கா. ரெண்டு கையும் பிஸி. காதுல கேட்டா அது படிச்ச கணக்குல சேருமா?

சேரும், யார் இல்லையென்று சொன்னாலும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்திருந்த காலத்தில் இந்த ஊரில் படிப்பகங்கள் அப்படித்தான் நடந்தன. ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார்கள், நடுவில் நிறுத்திச் சண்டை போடுவார்கள். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 மாநாடு நடந்த ஊர் சேலம். இங்கே அரசியல் படித்தவர்களில் பாதிப் பேர் காதால் படித்தவர்கள்தான்.

சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதும்போதும் சலங்கை கோக்கும்போதும் காதில் கதை ஓடுவது சாதாரணமாகிவிட்டது. வேலை கை பாட்டுக்கு நடக்கும், மனசு கதையில் இருக்கும், இதைவிட நல்ல வாசகர் யார்? கணக்கு, சட்டம் மாதிரி நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது மட்டும் காதுக்கு ஒத்துவராது. விசைத்தறியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று இயர்ஃபோனைக் கூட்டி வைக்காதீர்கள். ஏற்கெனவே அந்தச் சத்தம் காதைத் தின்கிறது, அதற்கு மேல் இதுவும் வேண்டாம். கதையை வீட்டுக்கு வந்து கேளுங்கள்.

12. எங்களுக்கு ஏற்காட்டுல உள்ள தள்ளி ஒரு ஊரு. மழை வந்தா டவரும் போகுது கரண்டும் போகுது. டிஜிட்டல் லைப்ரரின்னு சொன்னா சிரிப்புதான் வருது.

சிரிப்பில் நியாயம் இருக்கிறது. இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்று பேசுபவர்கள் பெரும்பாலும் சேலம் ஐந்து ரோட்டிலிருந்து பேசுகிறார்கள். மலைக்கு மேல் காப்பித் தோட்டங்களைத் தாண்டி உள்ளே போனால், ஒரு திருப்பத்தில் நின்றால்தான் ரெண்டு புள்ளி சிக்னல் என்ற ஊர்கள் இருக்கின்றன. அங்கே அச்சுப் புத்தகம்தான் முதல் நூலகம், அது கரண்ட் கேட்காது.

ஆனாலும் ஒரு வழி உண்டு. சேலத்துக்கு இறங்கும் நாளில் வேண்டியதையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாக இருக்கும் ஒரு நாவல் சில எம்பிதான் வரும், ஒரு சினிமா இறக்கும் இடத்தில் சில நூறு நாவல் வைக்கலாம். ஸ்கேன் பிடிஎஃப் மட்டும் எடை அதிகம். ஒருவர் இறக்கியதைப் பக்கத்து வீட்டுக்கு ப்ளூடூத்தில் அனுப்பலாம், அதற்கு டவர் வேண்டாம். 6-ல் சொன்ன வகை நூல்களை இப்படிக் கைமாற்றுவதில் எந்தத் தப்பும் இல்லை.

அச்சுப் புத்தகத்துக்கு மலையில் எதிரி வேறு. கீழே சேலத்தில் கரையான், மேலே பனி ஈரத்தில் பூஞ்சை. அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள், வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து காற்று படவிடுங்கள். நேர் வெயிலில் காயப்போட்டால் தாள் நொறுங்கும். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அலமாரியில் போடுவது பாட்டி காலத்து வைத்தியம், பூச்சிக்கு இன்றும் கேட்கிறது.

13. பையன் எட்டு வயசு. புக்கை எடுத்தா அஞ்சு நிமிஷம், ரீல்ஸ்னா மூணு மணி நேரம். என்னங்க பண்றது?

முதல் கேள்வி: வீட்டில் யாராவது புத்தகம் படிப்பதை அவன் பார்த்திருக்கிறானா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை, பதில் அதில்தான் பாதி இருக்கிறது.

மீதிப் பாதி, அவன் கையில் என்ன புத்தகம் கொடுக்கிறோம் என்பது. நீதிக்கதைத் தொகுப்பைக் கொடுத்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததே பெரிது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்து, பக்கத்துக்குச் சில வரியும் நிறையப் படமுமாக. தனியார் பள்ளியில் படித்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கிக் காட்டுங்கள். ஃபோன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, அச்செடுத்து ஸ்டேப்ளர் அடித்தும் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குக் கூட்டிவந்து சிறுவர் பகுதியில் விட்டுவிடுங்கள், அவனே எடுக்கட்டும். யானைப் புத்தகத்தையே தொடர்ந்து பத்து வாரம் எடுத்தாலும் வாயைத் திறக்காதீர்கள்.

14. லைப்ரரியைக் குரூப் ஃபோர் கோச்சிங் சென்டர் ஆக்கிட்டாங்களே, இதெல்லாம் வாசிப்பா?

எங்கள் வாசகர் வட்டத்திலேயே இதில் இரண்டு கட்சி. நான் தேர்வுப் பிள்ளைகள் கட்சி. அவர்களுக்கு வேண்டிய பள்ளிப் பாடநூல்கள் எல்லாம் அரசுத் தளத்தில் இலவச பிடிஎஃப்பாக இருக்கின்றன, வகுப்புகள் யூட்யூபில் இருக்கின்றன. அப்படியும் அம்மாபேட்டையிலிருந்தும் தாதகாப்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள் என்றால் எதற்கு? வீட்டில் ஒரே அறை, அதில் டிவி ஓடும், தம்பி விளையாடுவான், விருந்தாளி வருவார். நாற்காலி, வெளிச்சம், சுற்றிலும் படித்துக்கொண்டிருக்கும் நாலு பேர், இதை இணையத்தில் இறக்க முடியாது.

இதில் ஒரு நிஜமான சிக்கல் இருப்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இடம் முழுக்க அவர்களுக்கே போய்விட்டால், சும்மா ஒரு கதைப் புத்தகம் எடுத்து உட்கார நினைக்கும் பெண்ணுக்கு இடமில்லை, சின்னப் பிள்ளை சத்தம் போட்டால் பத்துப் பேர் முறைக்கிறார்கள். புத்தகப் பணமும் வழிகாட்டி நூல்களுக்கே போகிறது, அவையோ பாடத்திட்டம் மாறியதும் குப்பை. இப்போது நகரங்களில் கட்டும் அறிவுசார் மையங்கள் தேர்வுக்காரர்களை மனதில் வைத்தே வருகின்றன, அது வளர்ந்தால் இந்த நெரிசல் குறையலாம். அதுவரை குழந்தைகளுக்கும் பொது வாசகருக்கும் ஒரு மேசையாவது ஒதுக்கச் சொல்லிக் கேட்பதுதான் எங்கள் வட்டத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து எடுத்த முடிவு.

15. சேலத்துக்குப் பெரிய லைப்ரரி வருதாமே?

2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், கடலூர், திருநெல்வேலியோடு சேர்த்து, ஒரு லட்சம் புத்தகங்களோடு. கோட்டூர்புரத்தில் 2010-ல் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் மதுரையில் 2023-ல் திறந்ததையும் பார்த்தவர்களுக்கு ஆசை வருவது நியாயம். வரட்டும், நானும் போவேன். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை ஒருவர் போவது நடந்து போகும் தூரத்தில் இருக்கும் நூலகத்துக்குத்தான். பெரியதைக் காட்டிச் சின்னதுக்கு ஆள் போடாமல், கூரை ஒழுகுவதைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை.

16. அமெரிக்காவுல என் தங்கச்சி லைப்ரரி கார்டை வெச்சு ஃபோன்லயே புக் எடுக்கிறா. இங்க ஏன் இல்ல?

உங்கள் தங்கச்சி பயன்படுத்துவது லிபி (Libby) மாதிரி ஒரு செயலியாக இருக்கும். அங்கேயும் அது நினைப்பது போல இலவசமில்லை, நூலகம்தான் பணம் கட்டுகிறது. 9-ல் சொன்ன அதே அனுமதி விவகாரம்தான் நூலகத்துக்கும். ஒரு மின்னூலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுக்க முடியும், பிரபலமான நாவலுக்கு மாதக் கணக்கில் வரிசை நிற்கும். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-ல் ஒரு விதி கொண்டுவந்தது, 26 முறை இரவல் போனதும் அந்த மின்னூல் காலாவதி, நூலகம் மறுபடி வாங்க வேண்டும். அச்சுப் புத்தகம் கிழிந்தால் ஒட்டி ஒட்டி ஐம்பது முறை கொடுக்கலாம், கேட்க ஆளில்லை.

வாங்கிய அச்சு நூலை ஸ்கேன் செய்து இரவல் கொடுத்த இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் மீது பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டு, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் ஜெயித்தன. இங்கே தமிழ்ப் பதிப்பாளர்களிடம் உரிமம் வாங்கிப் பொது நூலகம் வழியாக மின்னூல் இரவல் தரும் ஏற்பாடு பரவலாக வரவில்லை. வந்தால் 12-ல் கேட்ட ஏற்காட்டுக்காரருக்கும் 10-ல் கேட்ட அப்பாவுக்கும் பெரிய உதவியாக இருக்கும். ஆனால் வருவதற்கு முன் யார் எவ்வளவு கொடுப்பது என்று பேசியாக வேண்டும், பதிப்பாளர் வயிற்றிலும் அடிக்கக் கூடாது (7-ஐப் பாருங்கள்), வருடா வருடம் மறுபடி வாங்கி நூலகப் பணமும் கரைந்துவிடக் கூடாது.

17. ஏஐகிட்ட கேட்டா முழு நாவலையும் ரெண்டு பத்தியில சொல்லிடுது. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?

சாப்பாட்டு மெனுவைப் படித்தால் பசி அடங்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதை விடுங்கள், தமிழில் அது சொல்லும் சுருக்கத்தை நம்புவதே கஷ்டம். அதிகம் பேசப்படாத ஒரு நாவலைக் கேட்டால், இல்லாத பாத்திரத்துக்குப் பெயர் வைத்து, நடக்காத கல்யாணத்தை நடத்தி வைத்துவிடும், அதுவும் துளி சந்தேகமில்லாத குரலில். ஒருவர் பாட்டை இன்னொருவர் தலையில் கட்டும். படித்து முடித்தபின் அதனோடு விவாதம் செய்ய நல்ல துணை, எங்கே தப்பு என்று பிடிக்க உங்களுக்குத் தெரிந்திருக்குமே.

18. தாத்தா வாரப் பத்திரிகைத் தொடர்கதையெல்லாம் கிழிச்சு பைண்டிங் பண்ணி வெச்சிருக்கார், பழைய புக்கும் ரெண்டு பீரோ இருக்கு. ஸ்கேன் பண்ணி நெட்ல போடலாமா? இல்ல லைப்ரரிக்குக் குடுத்துடவா?

எடைக்குப் போடும் முன் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். அந்த பைண்டிங் தொகுப்புகள்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. தொடர்கதை பிறகு புத்தகமாக வந்திருக்கும், ஆனால் வாரா வாரம் வந்த ஓவியங்களும், அந்தப் பக்கத்து ஓரத்து விளம்பரமும், தாத்தா பென்சிலில் போட்ட தேதியும் புத்தகத்தில் இருக்காது.

ஸ்கேன் செய்து உங்கள் வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பொதுவில் போடுவதற்கு முன் 6-ல் சொன்ன 60 வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓவியருக்கும் அதே கணக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். ஸ்கேன் தெளிவு 300 டிபிஐ போதும், தையலைப் பிரிக்காதீர்கள், தாள் நொறுங்கினால் தட்டை ஸ்கேனரில் அழுத்தாமல் மேலிருந்து ஃபோட்டோ எடுங்கள். படத்தை எழுத்தாக மாற்ற கூகுள் டிரைவிலேயே வசதி இருக்கிறது, தமிழும் வரும். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் கொம்பு வைத்த பழைய லை, னை, சுழித்த ணா, றா எல்லாம் வரும்போது அது தடுமாறும், பக்கத்துக்குப் பக்கம் கையால் திருத்த வேண்டும்.

நூலகத்துக்குக் கொடுப்பதென்றால் மூட்டையாகக் கொண்டுவந்து வாசலில் இறக்காதீர்கள். தலைப்பு, ஆசிரியர், வருடம் போட்டு ஒரு பட்டியல் எழுதி நூலகரிடம் முதலில் காட்டுங்கள், ஏற்கெனவே இருப்பதையும் இற்றுப்போனதையும் அவர்களால் வாங்க முடியாது, இடமும் இல்லை. அரிய பதிப்பு என்று தோன்றுவதை சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், அதுவே கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994-ல் உருவானதுதான். மிச்சமிருக்கும் நல்ல நாவல்களை எங்கள் வாசகர் வட்டத்துக்குக் கொடுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போவார்கள், திரும்பி வருமா என்பதற்கு மட்டும் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.